மெக்கட்ரானிக்ஸ் டிப்ளமோ: பெங்களூர்த் தமிழ் வீடுகளில் கேட்கிற கேள்விகள்

எஸ்எஸ்எல்சி ரிசல்ட் வந்த வாரத்தில் ஸ்ரீராம்புரம், அல்சூர், லிங்கராஜபுரம் என்று எந்தப் பக்கம் போனாலும் ஒரே பேச்சுதான்: "அடுத்து என்ன சேர்க்கலாம்?" நான் பீன்யாவில் மெயின்டனன்ஸ் வேலையில் இருக்கிறேன். அதனால் மெஷின் சம்பந்தமான படிப்பு என்றால் கேள்வி என்னிடம் வந்துவிடும். அடிக்கடி வருகிறவற்றுக்கு இங்கே பதில்.

எலெக்ட்ரோமெக்கானிக்கல் என்றால் மெக்கானிக்கலா, எலெக்ட்ரிக்கலா?

இரண்டும்தான். கூடவே கொஞ்சம் எலெக்ட்ரானிக்ஸ், கொஞ்சம் புரோகிராமிங். நம் ஊர்க் கல்லூரிகளில் இந்தப் படிப்பு பெரும்பாலும் மெக்கட்ரானிக்ஸ் என்ற பெயரில் இருக்கிறது.

ஒரு பாட்டில் நிரப்பும் லைனை எடுத்துக்கொள்ளுங்கள். கன்வேயரை ஓட்ட மோட்டார், பாட்டில் வந்ததைப் பார்க்க சென்சார், அதைப் பிடித்து நிறுத்த காற்றில் இயங்கும் சிலிண்டர், எல்லாவற்றுக்கும் உத்தரவு கொடுக்க பிஎல்சி, அதாவது மெஷினை ஓட்டுகிற சின்னக் கம்ப்யூட்டர். லைன் நின்றுவிட்டால் ஃபிட்டர் வந்து பார்த்து "கரெண்ட் கோளாறு" என்பார். எலெக்ட்ரீஷியன் வந்து "மெக்கானிக்கல் ஜாம்" என்பார். இரண்டு பேரும் தப்பாகச் சொல்லவில்லை, அவரவர் எல்லை வரைதான் பார்த்தார்கள். இந்தப் பஞ்சாயத்தைத் தீர்த்துவைக்கிற ஆளை உருவாக்குவதுதான் இந்தப் படிப்பு.

அமெரிக்காவில் இருக்கும் சொந்தக்காரர் "கம்யூனிட்டி காலேஜில் சேர்" என்கிறார். இங்கே அப்படி இருக்கிறதா?

அங்கே கம்யூனிட்டி காலேஜ் என்பது பள்ளி முடித்தவர்களுக்கான இரண்டு வருடக் கல்லூரி. முடித்தால் அசோசியேட் டிகிரி கிடைக்கும். எலெக்ட்ரோமெக்கானிக்கல் டெக்னாலஜி அங்கே பரவலாக இருக்கும் பிரிவுகளில் ஒன்று. ஆனால் சொந்தக்காரர் சொல்லாமல் விடுகிற விஷயம் ஒன்று உண்டு. வேலைக்குத் தயார் செய்கிற அசோசியேட் படிப்பு வேறு, பல்கலைக்கழகத்துக்கு மாறிப் போவதற்கான அசோசியேட் படிப்பு வேறு. முதல் வகையில் கால்குலஸ், பிசிக்ஸ் குறைவு. அதை முடித்துவிட்டு நான்கு வருட இன்ஜினியரிங் டிகிரிக்கு மாறப் போனால் பல பாடங்களை ஏற்க மாட்டார்கள். இன்ஜினியரிங் டெக்னாலஜி டிகிரிக்கு வேண்டுமானால் ஓரளவு வழி இருக்கும். அங்கே சேர்வதாக இருந்தால் முதல் நாளே இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நம் நாட்டிலும் அந்தப் பெயரில் கல்லூரிகள் உண்டு. புதுச்சேரிப் பல்கலைக்கழகம் 1995-லேயே ஒன்றைத் தொடங்கியது. பின்னால் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியும் சர்டிபிகேட், டிப்ளமோ அளவில் ஒரு திட்டம் கொண்டுவந்தது. ஆனால் மெஷின் படிப்பைப் பொறுத்தவரை அந்த இடத்தை இங்கே பிடித்திருப்பவை பாலிடெக்னிக், ஐடிஐ, டூல் ரூம் (அச்சு, டை போன்ற கருவிகள் செய்யும் பட்டறை) பயிற்சி மையங்கள். தேடும்போது இந்தப் பெயர்களில் தேடுங்கள்.

பெங்களூரில் எங்கே படிக்கலாம்?

மூன்று வழி இருக்கிறது.

முதலாவது பாலிடெக்னிக். மூன்று வருடம், ஆறு செமஸ்டர். கே.ஆர். சர்க்கிள் பக்கம் இருக்கும் ஸ்ரீ ஜெயசாமராஜேந்திர அரசு பாலிடெக்னிக், ராஜாஜிநகரில் எம்இஐ பாலிடெக்னிக் என்று பழைய பெயர்கள் நிறைய. மெக்கட்ரானிக்ஸ் எல்லா இடத்திலும் கிடையாது. கிடைக்காவிட்டால் எலெக்ட்ரிக்கலில் சேர்ந்து மெக்கானிக்கல் பக்கத்தை வேலையில் கற்றுக்கொள்ளலாம். மெக்கானிக்கலில் சேர்ந்து பிறகு எலெக்ட்ரிக்கலுக்குத் தாவுவதை விட இது சுலபம். என் அபிப்பிராயம்தான். மெக்கானிக்கல் நண்பர்கள் சண்டைக்கு வருவார்கள்.

இரண்டாவது டூல் ரூம். கர்நாடக அரசின் டூல் ரூம் பயிற்சி மையமான ஜிடிடிசி 1972-ல் டென்மார்க் அரசின் உதவியோடு தொடங்கியது. தலைமையிடம் ராஜாஜிநகர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட். ஸ்ரீராம்புரம் பையன்கள் நடந்தே போய்விடலாம். மூன்று வருடப் படிப்புக்கு மேல் ஒரு வருடம் கம்பெனியில் பயிற்சி. கேரளத்தில் தலச்சேரி பக்கம் நெட்டூரில் சுவிஸ் உதவியோடு தொடங்கிய என்டிடிஎஃப்புக்கும் பீன்யாவில் மையம் இருக்கிறது. இந்த மாதிரி இடங்களில் காலை முதல் மாலை வரை ஒழுங்கு கடுமை: ஷூ, யூனிஃபார்ம், அட்டெண்டன்ஸ் எதிலும் தளர்வு இருக்காது. அதற்கேற்ப கையில் வேலை படியும்.

மூன்றாவது ஐடிஐ. எலெக்ட்ரீஷியன், ஃபிட்டர் இரண்டும் இரண்டு வருடம். சில இடங்களில் மெக்கட்ரானிக்ஸ் டிரேடும் உண்டு. கர்நாடகாவில் 150 அரசு ஐடிஐகளை டாடா டெக்னாலஜீஸோடு சேர்ந்து புதுப்பித்திருக்கிறார்கள். சிஎன்சி (கம்ப்யூட்டர் சொல்கிறபடி வெட்டும் மெஷின்), ரோபோ என்று பல கல்லூரிகளிலேயே இல்லாத மெஷின் அங்கே வந்திருக்கிறது. "ஐடிஐயா?" என்று முகம் சுளிக்கிற பெரியப்பாக்கள் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வரட்டும்.

இவை தவிர பிடதியில் டொயோட்டா 2007-ல் தொடங்கிய பயிற்சிப் பள்ளி ஒன்று உண்டு. கர்நாடகக் கிராமப்புறத்து ஏழைப் பிள்ளைகளை மனதில் வைத்துத் தொடங்கியது, மெக்கட்ரானிக்ஸும் அங்கே இருக்கிறது. கோலார் தங்கவயல் பக்கம் சொந்தம் இருந்தால் அவர்களுக்குச் சொல்லுங்கள்.

செலவு?

அரசுப் பாலிடெக்னிக்கில் வருடத்துக்குச் சில ஆயிரம் ரூபாய்தான். தனியாரில் பல மடங்கு. "மேனேஜ்மென்ட் சீட் வாங்கித் தருகிறேன்" என்று வரும் ஏஜென்டுக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். டிப்ளமோ சீட் எஸ்எஸ்எல்சி மார்க் அடிப்படையில் கிடைப்பது.

தமிழ்நாட்டுச் சாதிச் சான்றிதழ் இங்கே செல்லுமா?

இட ஒதுக்கீட்டுக்குச் செல்லாது. பட்டியல் சாதி, பிற்பட்ட வகுப்பு எதுவானாலும் சலுகை அந்தந்த மாநிலத்து நிரந்தரவாசிகளுக்குத்தான். இரண்டு மூன்று தலைமுறையாக இங்கேயே இருக்கும் குடும்பம் என்றால் கர்நாடகச் சான்றிதழுக்கு நாட கச்சேரியில் (வருவாய்த் துறை அலுவலகம்) விண்ணப்பிக்கலாம். ரிசல்ட் வந்த பிறகு ஓடினால் நேரம் போதாது, பிள்ளை பத்தாவதில் இருக்கும்போதே வாங்கி வையுங்கள். இந்த மாநிலத்தில் இத்தனை வருடம் படித்தான் என்பதற்கான சான்றும் பள்ளியில் வாங்கிக்கொள்ளுங்கள்.

உள்ளே என்னதான் சொல்லித் தருவார்கள்?

முதல் வருடம் கணக்கு, அடிப்படை மின்சாரம், டிராயிங், ஒர்க்‌ஷாப். ஃபைலிங் என்று ஒரு இரும்புத் துண்டைக் கொடுத்து ராவச் சொல்வார்கள். கை காய்த்துப் போகும். "கம்ப்யூட்டர் காலத்தில் இது எதற்கு" என்று பையன்கள் முனகுவார்கள். 0.02 மில்லிமீட்டர் என்றால் எவ்வளவு என்று கைக்குத் தெரிவது அந்த இடத்தில்தான்.

அப்புறம் மோட்டார். நம் ஃபேக்டரிகளில் மூன்று ஃபேஸ், 415 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். நான்கு போல் மோட்டாரின் காந்தப்புலம் நிமிடத்துக்கு 1500 சுற்று சுற்றும், மோட்டார் பெயர்ப்பலகையிலோ 1440 என்றோ அதற்குப் பக்கத்திலோ இருக்கும். அந்த வித்தியாசம் ஏன் வருகிறது என்று புரிந்தால் இண்டக்‌ஷன் மோட்டார் பாதி புரிந்த மாதிரி. எந்த இரண்டு ஃபேஸை மாற்றிக் கட்டினாலும் சுற்றும் திசை திரும்பிவிடும். பெரிய மோட்டாரை மெதுவாகக் கிளப்ப ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் வைப்பார்கள். அதில் தொடக்கத்தில் ஸ்டார் இணைப்பு, ஒவ்வொரு வைண்டிங்குக்கும் 240 வோல்ட்தான் போகும், இழுக்கும் கரெண்ட் மூன்றில் ஒன்றாகும். திருப்புவிசையும் மூன்றில் ஒன்றாகிவிடும் என்பதைப் பலர் மறந்துவிடுவார்கள். அதனால்தான் சரக்கு ஏற்றிய கன்வேயர் ஸ்டாரில் நகராமல் முனகிக்கொண்டு நிற்கும்.

இரண்டாம், மூன்றாம் வருடங்களில் நியூமேட்டிக்ஸ் (காற்றழுத்தம்), ஹைட்ராலிக்ஸ் (எண்ணெய் அழுத்தம்), சென்சார், விஎஃப்டி (மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி), பிஎல்சி, சிஎன்சி, ரோபோ. பிஎல்சி வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் தடுக்குகிற ஒரு இடத்தை மட்டும் சொல்கிறேன். ஸ்டாப் பட்டனை எப்போதும் என்சி, அதாவது சாதாரண நிலையில் இணைந்தே இருக்கும் காண்டாக்ட்டாகத்தான் கட்டுவோம். வயர் அறுந்தாலும் மெஷின் தானாக நிற்க வேண்டும் என்பதற்காக. என்ஓ-வில், அதாவது அமுக்கினால் மட்டும் இணையும் காண்டாக்ட்டில் கட்டியிருந்தால் வயர் அறுந்த அன்று பட்டனை எவ்வளவு அமுக்கினாலும் மெஷின் நிற்காது. சரி, வயரிங்கில் என்சி. அதனால் லேடர் புரோகிராமிலும் (ஏணி மாதிரி படம் போட்டு எழுதும் பிஎல்சி புரோகிராம்) என்சி குறிதான் என்று பையன் போடுவான், மெஷின் ஸ்டார்ட்டே ஆகாது. ஏனென்றால் பட்டனைத் தொடாதபோது பிஎல்சி இன்புட்டில் ஏற்கெனவே 24 வோல்ட் இருக்கிறது. புரோகிராமில் என்ஓ குறி போட்டால்தான் வழி திறக்கும். இதை வாத்தியார் கரும்பலகையில் பத்துத் தடவை சொன்னாலும் ஏறாது, பேனலில் ஒரு தடவை கட்டிப் பார்த்தால் ஏறிவிடும்.

கணக்கில் வீக். சமாளிக்க முடியுமா?

எஸ்எஸ்எல்சி கணக்கில் திரிகோணமிதி வரை புரிந்திருந்தால் போதும். ஏசி சர்க்யூட்டில் காம்ப்ளெக்ஸ் எண் வரும், அதில் ஒரு மாதம் கஷ்டப்படுவான். மனப்பாடம் செய்தே 90 வாங்கிய பிள்ளை இங்கே திணறுவதையும், 55 வாங்கிவிட்டு வீட்டு மிக்ஸியைக் கழற்றிப் போட்ட பிள்ளை மேலே வருவதையும் பார்த்திருக்கிறேன்.

ஆர்வம் இருக்கிறதா என்று சந்தேகமா? கஸ்தூர்பா ரோட்டில் விஸ்வேஸ்வரய்யா மியூசியத்துக்குக் கூட்டிப்போங்கள். இன்ஜின் ஹாலில் பிள்ளை மெஷினைப் பார்க்கிறானா, மொபைலைப் பார்க்கிறானா என்று ஓரமாக நின்று கவனியுங்கள்.

கல்லூரியை நேரில் பார்க்கப் போனால் எதைக் கவனிக்க வேண்டும்?

என்னைக் கேட்டால் மொத்தத்தில் இது ஒன்றுதான் முக்கியமான கேள்வி. கட்டடம், நுழைவாயில், "பிளேஸ்மென்ட் 100%" போர்டு எதையும் பார்க்காதீர்கள். நேராக லேபுக்குப் போங்கள்.

பிஎல்சி ட்ரெய்னர் கிட் எத்தனை, ஒரு பேட்சில் எத்தனை பேர் என்று கேளுங்கள். நான்கு கிட்டுக்கு அறுபது பேர் என்றால் உங்கள் பிள்ளை பின்னால் நின்று எட்டிப்பார்த்தே டிப்ளமோ வாங்குவான். மெஷின் மேல் பிளாஸ்டிக் கவர் போட்டுப் பளபளவென்று இருந்தால் சந்தோஷப்படாதீர்கள், அது ஓடாத மெஷின். கீழே எண்ணெய்க் கறை, பக்கத்தில் கிழிந்த கையுறை, வெட்டிப்போட்ட வயர் துண்டுகள் கிடந்தால் அங்கே வேலை நடக்கிறது. செகண்ட் இயர் பையன் யாராவது இருந்தால் "தம்பி, இந்த வருஷம் நீயே கட்டின சர்க்யூட் என்னப்பா?" என்று கேளுங்கள். பதில் வரும் வேகத்திலேயே தெரிந்துவிடும்.

இன்னொன்று, கோளாறு கண்டுபிடிக்கச் சொல்லித் தருகிறார்களா என்று விசாரியுங்கள். நன்றாக ஓடும் சர்க்யூட்டைக் கட்டச் சொல்வது சுலபம், புத்தகத்தில் படம் இருக்கும். நல்ல வாத்தியார் கட்டிய சர்க்யூட்டில் ரகசியமாக ஒரு வயரைக் கழற்றிவிட்டு "கண்டுபிடி" என்பார். வேலையில் நாங்கள் செய்வது முழுக்க இதுதான்.

உதாரணத்துக்கு, சிலிண்டர் முன்னால் போகவில்லை. புதிதாக வந்த பையன் உடனே லேப்டாப்பைத் திறந்து புரோகிராமைப் பார்ப்பான். தெரிந்தவன் முதலில் காற்று அழுத்தத்தைப் பார்ப்பான், கேஜில் 6 பார் அளவுக்கு இருக்கிறதா என்று. இருந்தால், கரெண்ட் வந்தால் காற்றைத் திறந்துவிடும் சோலினாய்டு வால்வின் பக்கத்தில் இருக்கும் சின்ன மேனுவல் பட்டனை, சிலிண்டர் பாதையில் யார் கையும் இல்லை என்று பார்த்துவிட்டு, ஸ்க்ரூ டிரைவரால் ஒரு அமுக்கு அமுக்குவான். சிலிண்டர் போனால் காற்று, வால்வு, சிலிண்டர் மூன்றும் சரி, கோளாறு கரெண்ட் பக்கம். போகவில்லை என்றால் லேப்டாப்புக்கு வேலையே இல்லை. கரெண்ட் பக்கம் என்றால் அடுத்து பிஎல்சி அவுட்புட்டில் விளக்கு எரிகிறதா, எரிந்தால் வால்வின் கனெக்டரில் 24 வோல்ட் வருகிறதா. பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டே போனால் ஐந்து நிமிடத்தில் ஆளைப் பிடித்துவிடலாம். இப்படி யோசிக்கப் பழக்குகிற இடம் அரசுக் கல்லூரியானாலும் சரி, ஐடிஐயானாலும் சரி, அங்கே சேருங்கள்.

கன்னடம் எழுதப் படிக்கத் தெரியாதே?

பாடம், பரீட்சை ஆங்கிலத்தில் எழுதலாம். கன்னடம் தெரியாதவர்களுக்கென்று எளிய கன்னடப் பாடம் ஒன்று தனியாக உண்டு. ஆனால் ஷாப் ஃப்ளோரில் கன்னடம் இல்லாமல் முடியாது. ஆபரேட்டர் "சௌண்ட் பர்த்தா இதே" என்றால் எந்த பேரிங்கில், எப்போதிலிருந்து, என்ன மாதிரி சத்தம் என்று அவரிடமே திருப்பிக் கேட்கத் தெரிய வேண்டும். கோளாறைப் பற்றி நிறையத் தெரிந்தவர் அந்த ஆபரேட்டர்தான். பெங்களூரிலேயே வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு இது ஒரு பிரச்சினையே இல்லை, ஓசூர், கிருஷ்ணகிரியிலிருந்து வருகிறவர்கள் ஆறு மாதத்தில் பிடித்துக்கொள்வார்கள்.

பெண் பிள்ளையைச் சேர்க்கலாமா?

தாராளமாக. பேனல் வயரிங், பிஎல்சி, டெஸ்டிங் எதிலும் ஆண் பெண் வித்தியாசம் இல்லை. தொழில்நுட்பக் கல்விக்கான மத்திய கவுன்சிலான ஏஐசிடிஇ-யின் பிரகதி ஸ்காலர்ஷிப் பெண்களுக்கென்றே இருக்கிறது: வருடத்துக்கு 50,000 ரூபாய், குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், ஒரு வீட்டில் இரண்டு பெண்கள் வரை. ஏஐசிடிஇ அங்கீகாரம் பெற்ற கல்லூரியாக இருந்தால்தான் கிடைக்கும், அதனால் சேரும் முன் அந்த அங்கீகாரத்தைக் கேட்டுப் பார்த்துவிடுங்கள். ஷிஃப்ட் முடிந்து வரும் பஸ் வசதி பற்றி வேலைக்குச் சேரும்போது கம்பெனியிடம் கேளுங்கள்.

வேலை எங்கே கிடைக்கும்?

பீன்யா, பொம்மசந்திரா, ஜிகணி, பிடதி. எல்லை தாண்டினால் ஓசூர். மெஷின் டூல், பேக்கேஜிங், மருந்து, வண்டி பாகங்கள், எலெக்ட்ரானிக்ஸ் எல்லாவற்றிலும் மெயின்டனன்ஸ் ஆள் வேண்டும். லிஃப்ட், எஸ்கலேட்டர், மெட்ரோ டிப்போ வேலைகளும் இதே படிப்புக்கு வரும். மஞ்சள் தடம் 2025 ஆகஸ்டில் திறந்த பிறகு ஆர்.வி. ரோட்டிலிருந்து பொம்மசந்திரா வரை மெட்ரோவிலேயே போய்விடலாம். முன்பு சில்க் போர்டிலேயே பாதி உயிர் போய்விடும்.

முதல் வருடம் பெரும்பாலும் அப்ரன்டிஸ்தான், சம்பளம் இல்லை, ஸ்டைபண்டு. அதைப் பார்த்துவிட்டு "டெலிவரி வேலைக்குப் போனால் இதைவிட வரும்" என்று பையன் சொல்வான். அன்றைய கணக்கில் அது உண்மையும்கூட. ஆனால் பேனலைத் திறக்க விடுகிற கம்பெனியில் கழித்த ஒரு வருடத்துக்கு அடுத்த கம்பெனியில் விலை இருக்கிறது. அப்ரன்டிஸை ஸ்டோர்ஸில் பெட்டி தூக்க வைக்கிற இடமாக இருந்தால் மூன்றாம் மாதமே வேறு இடம் பார்க்கச் சொல்லுங்கள்.

ஷிஃப்ட் உண்டு. தீபாவளிக்கு எல்லோருக்கும் லீவு, அன்றைக்குத்தான் மெயின்டனன்ஸுக்கு ஷட்டவுன் வேலை. இதைக் கல்யாணத்துக்கு முன்பே வீட்டில் சொல்லிவிடுவது நல்லது.

பிறகு பிஇ படிக்க முடியுமா?

முடியும். கர்நாடகத் தேர்வு ஆணையமான கேஇஏ டிப்ளமோ முடித்தவர்களுக்கு நடத்தும் டிசிஇடி நுழைவுத் தேர்வை எழுதினால் நேரே பிஇ இரண்டாம் வருடம். ஐடிஐ முடித்தவர்களுக்கு டிப்ளமோ இரண்டாம் வருடத்தில் சேர வழி உண்டு. பிஇ-யில் கணக்குப் பாடம் திடீரென்று கனக்கும், அதற்கு முன்கூட்டியே தயாராக வேண்டும். ஒன்றிரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டுப் போனால் வகுப்பில் சொல்வது எல்லாம் வேறு மாதிரி புரியும். ஆனால் சம்பளம் பழகிய பிறகு திரும்பப் படிக்க மனம் வராது என்கிற அம்மாக்களின் பயத்திலும் நியாயம் இருக்கிறது.

ரோபோ, ஏஐ எல்லாம் வந்தால் இந்த வேலை போய்விடாதா?

ரோபோவுக்கும் கேபிள் அறுகிறது, சென்சாரில் தூசி படிகிறது. யார் போய்ப் பார்ப்பது?

கரெண்ட் வேலை, பயமாக இருக்கிறது.

பயம் இருக்கட்டும், நல்லதுதான். மெயின் சுவிட்சை அணைத்து, தன் பூட்டைப் போட்டு, சாவியைத் தன் பையில் வைத்துக்கொண்டு, மீட்டரில் மின்சாரம் இல்லை என்று பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். விஎஃப்டி-யில் சுவிட்சை அணைத்த பிறகும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்களில் ஆபத்தான மின்னழுத்தம் சில நிமிடங்கள் நிற்கும். எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று அதன் மேலேயே எழுதியிருப்பார்கள். சூப்பர்வைசர் பின்னால் நின்று "சீக்கிரம், சீக்கிரம்" என்று கத்தினாலும் அந்த நிமிடங்களைக் குறைக்கக் கூடாது.

சேர்ந்ததும் என்னென்ன வாங்கித் தர வேண்டும்?

நல்ல ஷூ, ஒரு ஸ்க்ரூ டிரைவர் செட், வயர் ஸ்ட்ரிப்பர், மல்டிமீட்டர். எஸ்.பி. ரோட்டில் ஒரு சுற்றுச் சுற்றினால் எல்லாம் கிடைக்கும். பழைய காண்டாக்டர், ரிலே கிடைத்தால் அவற்றையும் வாங்கிக் கொடுங்கள், வீட்டில் கழற்றிப் பார்க்கட்டும். மல்டிமீட்டரில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். சில நூறு ரூபாய்க்கு விற்கும் மஞ்சள் மீட்டர் பேட்டரி, 24 வோல்ட் பார்ப்பதற்குச் சரி. 415 வோல்ட் பேனலில் அதை நீட்டக் கூடாது. நம்பகமான கம்பெனியின், கேட் 3 (CAT III, பாதுகாப்பு வகை), 600 வோல்ட் என்று அச்சிட்ட மீட்டராகப் பார்த்து வாங்குங்கள். முதல் வருடத்திலேயே தேவைப்படாது, இரண்டாம் வருடம் மோட்டார் லேப் தொடங்கும்போது வாங்கினால் போதும்.